சுரப்பியைக் கேட்காமல் மருந்து எழுதலாமா?

"ரத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. கதிரியக்க அயோடினை விழுங்க வைத்து, மறுநாள் மறுபடி வரச்சொல்லி, கழுத்துக்கு நேரே கருவியை நிறுத்தி எண்ணுவதெல்லாம் அந்தக் காலத்து வேலை." தைராய்டு பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இப்போது இது கருத்தாக அல்லாமல் தீர்ப்பாகவே சொல்லப்படுகிறது. பயிற்சி மருத்துவர்கள் சொல்கிறார்கள். குடும்ப மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயாளியோடு துணைக்கு வரும் மைத்துனர்கூடச் சொல்கிறார். நியூக்ளியர் மெடிசின் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த அளவீட்டைச் செய்துவருகிறேன். இந்தத் தீர்ப்பு தவறானது. இதனால் தேவையில்லாத மருந்தை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களை நேரில் பார்க்கிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடி, படபடப்பும் கைநடுக்கமும் எடை இழப்பும் வந்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அதில் அவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. கண்டறிய இப்போது வேறு வழிகள் உண்டு என்கிறார்கள். காரணங்களில் ஒன்றான கிரேவ்ஸ் நோயை உண்டாக்கும் எதிர்ப்பொருளையே ரத்தத்தில் அளக்கலாம். ஆய்வுக்கூடச் சீட்டில் 'டிராப்' என்று இருக்கும் அந்தப் பரிசோதனை, இன்றைய தலைமுறைக் கருவிகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரியாகவே பிடிக்கிறது. அல்ட்ராசவுண்ட் டாப்ளரில் சுரப்பியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கலாம். இரண்டிலும் கதிர்வீச்சு இல்லை, இரண்டு நாள் அலைச்சல் இல்லை. ஐரோப்பியத் தைராய்டு சங்கத்தின் 2018 வழிகாட்டி எதிர்ப்பொருளுக்கே முதலிடம் தருகிறது. சிகிச்சைக்கு வந்தாலும், எல்லோருக்கும் ஒரே அளவு கதிரியக்க அயோடின் கொடுத்தால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் சுரப்பி எத்தனை விழுக்காடு அயோடினை எடுக்கிறது என்று அளந்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி நியாயமானது. பதிலை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. தண்ணீர் வழிகிறது என்று தெரிந்தால், ஏன் வழிகிறது என்பதும் தெரிந்துவிடுமா?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சுவர் வழியே தண்ணீர் இறங்குகிறது. மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி நிரம்பி வழியலாம். மோட்டார் ஓடாமலே, தொட்டியில் விரிசல் விட்டும் ஒழுகலாம். சுவரில் இறங்கும் தண்ணீரை எத்தனை துல்லியமாக அளந்தாலும் இரண்டில் எது என்று அது சொல்லாது. படியேறிப் போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தைராய்டு சுரப்பி இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான ஹார்மோனை எப்போதும் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது. உடலில் வேறெந்த நாளமில்லாச் சுரப்பிக்கும் இவ்வளவு பெரிய கிடங்கு இல்லை. கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் ஒன்று சுரப்பியை ஓயாமல் முடுக்கிவிடுகிறது. சுரப்பி அயோடினை வாரி இழுத்துப் புதிது புதிதாக ஹார்மோன் தயாரிக்கிறது. தைராய்டு அழற்சியில் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். சுரப்பியின் நுண்ணறைகள் சிதைந்து, கிடங்கில் இருந்த சரக்கு ரத்தத்தில் கொட்டுகிறது. இரண்டிலும் தைராய்டு ஹார்மோனான டி4 ரத்தத்தில் ஏறுகிறது. அதைப் பார்த்த பிட்யூட்டரி, தைராய்டை முடுக்கும் டி.எஸ்.எச்.சை இரண்டிலும் நிறுத்துகிறது. ஆக, டி.எஸ்.எச். 0.01 என்று வரும் சீட்டு இரண்டு நோய்க்கும் ஒரே சீட்டுதான். டி3க்கும் டி4க்கும் உள்ள விகிதம் கொஞ்சம் குறிப்புக் காட்டும், அவ்வளவே.

அயோடின் உள்ளெடுப்பு, அதாவது நாங்கள் துறையில் 'அப்டேக்' என்று சொல்வது, நேராக அந்த மோட்டாரைப் போய்ப் பார்க்கும் வேலை. மிகச் சிறிதளவு கதிரியக்க அயோடினைக் கொடுத்து, 4 முதல் 6 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் அதில் எவ்வளவு கழுத்துக்கு வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறோம். கிரேவ்ஸில் அது 50, 60, சமயத்தில் 80 விழுக்காடுகூட இருக்கும். அழற்சியில் 5க்குக் கீழே, பெரும்பாலும் 1க்கும் கீழே. மருத்துவத்தில் இரண்டு நோய்களை இவ்வளவு தூரம் விலக்கிக் காட்டும் எண்கள் அதிகம் இல்லை.

இந்தத் துறை பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். 1936 நவம்பர் 12 அன்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில், எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன், இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன செய்யலாம் என்று உரையாற்றினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டுப் பிரிவை நடத்திவந்த சால் ஹெர்ட்ஸ் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் முயலின் சுரப்பியில் எண்ணினார்கள். பிறகு பெர்க்லியில் ஹாமில்டனும் சோலேயும் மனிதக் கழுத்தில் எண்ணினார்கள். சுரப்பியைக் கொண்டே அதன் வேலையைச் சொல்லவைக்க முடியும் என்று அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் இப்போது பழசு என்று ஒதுக்குகிறோம்.

2. மருந்து கேட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?

"இத்தனை வருடம் ரத்தத்தைப் பார்த்துத்தான் கார்பிமசோல் கொடுக்கிறேன், எல்லோருக்கும் குணமாகிறது" என்று ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட குணத்தில் ஒரு பகுதி காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அழற்சியில் கொட்டுகிற ஹார்மோன் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தீர்ந்துவிடும். மருந்து கொடுத்தாலும் தீரும், கொடுக்காவிட்டாலும் தீரும். அந்த நேரம் பார்த்து உள்ளே போயிருந்த மாத்திரை பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

கார்பிமசோல் புதிய ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்து. அது மோட்டாரை நிறுத்தும். விரிசல் விட்ட தொட்டியில் மோட்டார் ஏற்கெனவே நின்றுபோய்தான் இருக்கிறது.

பயன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்துக்கு 2 முதல் 5 பேருக்கு வெள்ளணுக்கள் திடீரென்று அற்றுப்போகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். உயிருக்கே ஆபத்தான நிலை அது. கிரேவ்ஸ் உள்ளவர் அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு, அவருக்கு மருந்தால் பலன் கிடைக்கிறது. அழற்சி உள்ளவர் எதற்காக ஏற்க வேண்டும்? அதோடு, அழற்சியின் அடுத்த கட்டம் பெரும்பாலும் ஹார்மோன் குறைவு. கிடங்கு காலி, தயாரிப்பு இன்னும் தொடங்கவில்லை. அப்போது தயாரிப்பைத் தடுக்கும் மருந்தும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் குறைவு ஆழமாகும். டி.எஸ்.எச். மேலே போகும். "ஹைப்பர் போய் ஹைப்போ வந்துவிட்டது" என்று ஒரு வாழ்நாள் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு சீட்டின் தவறு இப்படி இரண்டு சீட்டாகிறது.

ஒருவரைச் சொல்கிறேன். பேருந்து நடத்துநர், நாற்பது வயதை ஒட்டியவர். டிக்கெட் கிழிக்கும்போது கை நடுங்குகிறது, படியில் நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது. கழுத்தில் வலி இல்லை, கண் பிதுங்கவில்லை. டி.எஸ்.எச். அடிமட்டம், டி4 உச்சம். இரண்டு வாரமாகக் கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை ஐந்து நாள் நிறுத்திவைத்து, கதிரியக்க அயோடின் கேப்ஸ்யூலைக் கொடுத்து, மறுநாள் காலையில் நாற்காலியில் உட்காரவைத்தோம். கழுத்துக்கு நேரே, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, ப்ரோப். ஒரு நிமிடத்தில் 1,040 எண்ணிக்கை. உடலில் சுற்றும் ரத்தத்திலும் கொஞ்சம் அயோடின் இருக்கும் என்பதால் அதே தூரத்தில் தொடைக்கு நேரே வைத்து எண்ணினோம்: 750. கழுத்தின் அளவுள்ள அக்ரிலிக் உருளைக்குள் வைத்த இணைக் கேப்ஸ்யூல், அறையின் பின்னணியைக் கழித்து, 41,450. கழுத்தில் கூடுதலாக நின்றது 290 மட்டும். கணக்குப் போட்டால் 0.7 விழுக்காடு. சுரப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

கார்பிமசோலை நிறுத்திவிட்டு, நெஞ்சுப் படபடப்புக்கு மட்டும் ப்ரோப்ரனலால் கொடுத்தோம். ஏழு வாரத்தில் டி4 இறங்கியது. பிறகு சில வாரம் டி.எஸ்.எச். லேசாக ஏறி, தானே இறங்கியது. அவருக்கு அன்று தேவைப்பட்டது பொறுமையும் ஒரு சாதாரண மாத்திரையும்தான்.

3. எதிர்ப்பொருளை அளந்தாலே போதாதா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது, வலுவை ஒப்புக்கொள்கிறேன். 'டிராப்' நல்ல பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு அதுதான் சரியான வழி; அவர்களுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கவே கூடாது. கண் பிதுங்கி, சுரப்பி சீராக வீங்கி, எதிர்ப்பொருளும் கூடியிருக்கும் ஒருவரை அப்டேக்குக்கு அனுப்பினால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் மேடையில் பேசப்படும் 'ரத்தப் பரிசோதனை' வேறு, ஊரில் நடக்கும் 'ரத்தப் பரிசோதனை' வேறு. மேடையில் எதிர்ப்பொருள். ஊரில் டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றும் சேர்ந்த பேக்கேஜ். "ரத்தமே போதும்" என்ற வாசகம் முதலாவதின் மதிப்பைக் கடன் வாங்கி இரண்டாவதை விற்கிறது. என்னிடம் வரும் சீட்டுகளில் கார்பிமசோலுக்கு முன்னால் எதிர்ப்பொருள் பார்த்திருப்பவை கைவிரலில் எண்ணக்கூடியவை.

பார்த்தாலும் அது ஒரு கேள்விக்குத்தான் விடை: கிரேவ்ஸா, இல்லையா. இல்லை என்று வந்த பிறகு? கழலைக்குள் ஒரு முடிச்சு மட்டும் தன்னிச்சையாக ஹார்மோன் தயாரித்துக்கொண்டிருக்கலாம். பல முடிச்சுகள் தயாரிக்கலாம். அழற்சியாக இருக்கலாம். நோயாளி தைராய்டு ஹார்மோனை வெளியிலிருந்து உட்கொண்டிருக்கலாம். எல்லாவற்றிலும் எதிர்ப்பொருள் இல்லை என்றே வரும். இவற்றில் முதல் இரண்டுக்கும் நிரந்தரச் சிகிச்சை வேண்டும். மற்ற இரண்டுக்கும் சுரப்பியைத் தொடவே கூடாது.

கடைசியாகச் சொன்னது கற்பனை என்று நினைப்பவர்களுக்கு: 1984 ஏப்ரலிலிருந்து 1985 ஆகஸ்ட் வரை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கிலும், பக்கத்தில் தெற்கு டகோட்டா, அயோவா பகுதிகளிலும் 121 பேருக்கு ஹார்மோன் மிகை நோய் வந்தது. அவர்கள் யாருடைய சுரப்பியிலும் கோளாறு இல்லை. இறைச்சிக்கூடத்தில் மாட்டின் கழுத்துப் பகுதியைச் சீவும்போது தைராய்டு சுரப்பியும் சேர்ந்து கொத்துக்கறியில் கலந்திருந்தது. இப்படி வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது சுரப்பி ஓய்ந்துவிடும், அப்டேக் அடிமட்டத்தில் நிற்கும். சுரப்பி குற்றவாளி இல்லை என்று தெரிந்தால்தான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இன்னொன்று நம் ஊரில் நாள்தோறும் நடப்பது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! உடலுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்; மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கிறது. முந்நூறு மடங்குக்கும் மேல். பல ஆய்வுக்கூடக் கருவிகள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பிணைப்பை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தக் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும், எதிர்ப்பொருளும் பொய்யாகக் கூடும். மூன்றும் ஒரே திசையில் பொய் சொல்வதால் அச்சு அசலாகக் கிரேவ்ஸ் நோய் போலவே சீட்டு வரும். வளர்சிதைக் கோளாறுக்காக அதிக அளவு பயோட்டின் பெற்ற குழந்தைகளுக்கு இப்படியே நேர்ந்ததை 2016இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. கழுத்தில் எண்ணும் கருவிக்குப் பயோட்டின் ஒரு பொருட்டே இல்லை. அது சோதனைக்குழாயைப் பார்ப்பதில்லை, சுரப்பியைப் பார்க்கிறது.

4. டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறதே?

தெரிகிறது. பார்க்கிறவர் கை தேர்ந்தவராக இருந்தால், கிரேவ்ஸில் சுரப்பி முழுக்க ரத்தம் கொதிப்பதுபோலத் தெரியும். நடுத்தர நிலைகளில் ஒருவர் கூடுதல் என்பார், இன்னொருவர் இயல்பு என்பார். ரத்தம் பாய்வதை வைத்துத் தயாரிப்பை ஊகிக்கிறோம்; தயாரிப்பை அளக்கவில்லை. கருவியும் கையும் நன்றாக அமைந்த இடத்தில் பயன்படுத்துங்கள், தடையில்லை.

5. கதிர்வீச்சு என்றதும் பேச்சு நின்றுவிட வேண்டுமா?

இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். 1986இல் செர்னோபில் உலை வெடித்து, அயோடின்-131 கலந்த புல்லை மேய்ந்த மாடுகளின் பாலைக் குடித்த குழந்தைகளுக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் பெருகியது. அது நடந்த உண்மை. வளரும் குழந்தையின் சுரப்பி கதிர்வீச்சுக்கு மிக எளிதில் பாதிக்கப்படக்கூடியது. அதனால் குழந்தைகளுக்கு, தேவைப்பட்டால், ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியத்தையே பயன்படுத்துகிறோம்.

ஆனால் அச்சத்துக்கும் அளவு வேண்டும். அப்டேக்குக்கு நாங்கள் கொடுப்பது 5 முதல் 10 மைக்ரோக்யூரி. கிரேவ்ஸ் சிகிச்சைக்குக் கொடுப்பது 10 முதல் 15 மில்லிக்யூரி, அதாவது ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ. இரண்டுக்கும் 'கதிரியக்க அயோடின்' என்ற ஒரே பெயர் இருப்பதால் மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். விளக்கிச் சொல்லாதது எங்கள் துறையின் குறை. சுவீடனில் 1950களிலும் 60களிலும் பரிசோதனைக்காக அயோடின்-131 பெற்ற 36,000க்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அன்று கொடுத்த அளவு இன்றைய அப்டேக் அளவைவிட மிக அதிகம். புற்றுக்கட்டி சந்தேகத்தால் அனுப்பப்படாத, கழுத்தில் முன்பு எக்ஸ்ரே சிகிச்சையும் பெறாத பெரியவர்களிடம் தைராய்டுப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடக் கூடவில்லை.

மீன் ஒவ்வாது, சி.டி. ஸ்கேன் ஊசியில் 'அயோடின் அலர்ஜி' வந்தது என்று சொல்லி இந்தச் சோதனையை மறுப்பவர்களும் உண்டு. 10 மைக்ரோக்யூரி அயோடின்-131இன் எடை ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் தினமும் உப்பில் சாப்பிடவேண்டிய 150 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருபது லட்சத்தில் ஒரு பங்கு. உப்புப் போட்ட ரசம் சாப்பிடுகிற எவருக்கும் இந்த அயோடினால் ஒவ்வாமை வராது.

ஒரு கேப்ஸ்யூலின் கதிர்வீச்சை ஒரு தட்டில் வைப்பவர்கள், வெள்ளணுக்களை அழிக்கக்கூடிய மருந்தை மாதக்கணக்கில் வீணாகச் சாப்பிடும் ஆபத்தை மறுதட்டில் வைப்பதே இல்லை. ஒரே தட்டை வைத்து எடை போட முடியாது.

6. இயல்பு அளவே நிலையாக இல்லாத சோதனையை எப்படி நம்புவது?

இந்தக் குற்றச்சாட்டு உண்மை. உண்மை என்பதே இந்தச் சோதனையின் பெருமை என்பேன். அமெரிக்காவின் அலபாமாவில் 1959இல் ஆரோக்கியமானவர்களின் 24 மணி நேர அப்டேக் சராசரி 28 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பத்து ஆண்டுக்குள் அது 15க்கு வந்துவிட்டது. அங்கே யாருக்கும் நோய் வரவில்லை. ரொட்டி மாவில் அயோடேட் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். சாப்பாட்டில் அயோடின் கூடினால் பசியில்லாத சுரப்பி குறைவாக எடுத்துக்கொள்ளும். ஊரின் உணவு மாறியதைச் சுரப்பி அப்படியே ஒப்பித்திருக்கிறது.

இந்தியாவில் இதே கதை உப்பில் நடந்தது. இமயமலை அடிவாரத்துக் கழலை நோயை மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தார்கள். காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். அதன் வழியில் 1980களில் நாடு முழுவதும் உப்பில் அயோடின் சேர்க்கும் கொள்கை வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்பதற்கான தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் மறுபடி வந்தது. கடையில் கிடைக்கும் உப்பில் இன்று பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, ஐம்பது ஆண்டு பழைய பாடப்புத்தகத்தின் இயல்பு அளவைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு சோதனையைக் குறை சொல்வது நியாயம் இல்லை. ஒவ்வொரு மையமும் தன் ஊர் மக்களின் இயல்பு அளவைத் தானே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சோம்பல்படும் மையங்கள் இருக்கின்றன. எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

7. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கிறோம் என்றால் அளப்பது வீண்தானே?

கிரேவ்ஸுக்கு நிலையான அளவு கொடுப்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016 வழிகாட்டி இரண்டு முறைகளையும் ஏற்கிறது. ஆனால் அளவை நிலையாக வைப்பது வேறு, சுரப்பி அதை எடுக்குமா என்று பாராமலே கொடுப்பது வேறு. மூன்று வாரத்துக்கு முன் வயிற்று வலிக்காகக் கான்ட்ராஸ்ட் ஊசியோடு சி.டி. எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் ஊசியில் சுமார் 30 கிராம் அயோடின். இரண்டு லட்சம் நாள் தேவை. அவருடைய சுரப்பி கதவைச் சாத்தியிருக்கும். 15 மில்லிக்யூரியைக் கொடுத்தால் அது சிறுநீர்ப்பை வழியே வெளியேறும். நோய் அப்படியே இருக்கும், கதிர்வீச்சு மட்டும் மிஞ்சும். ஊசி போட்டதை அவர் சொல்ல மறந்திருக்கலாம். அப்டேக் மறக்காது.

கணக்கும் கடினம் இல்லை. 40 கிராம் சுரப்பி, கிராமுக்கு 150 மைக்ரோக்யூரி போய்ச் சேர வேண்டும், அப்டேக் 60 விழுக்காடு என்றால் 10 மில்லிக்யூரி. அதே சுரப்பியில் அப்டேக் 30 என்றால் 20. பாதிக்குப் பாதி வேறுபடும் இரண்டு பேருக்கு ஒரே புட்டியை நீட்டிவிட்டு, ஒருவருக்குக் குணமாகவில்லை என்றால் "சிலருக்கு இரண்டாவது டோஸ் தேவைப்படும்" என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணை, சிகிச்சைக் கதிர்வீச்சை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திட்டமிட வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் முதல் எண்ணே அப்டேக்தான்.

8. இரண்டு நாள் அலைய முடியுமா?

கிராமத்திலிருந்து வருபவருக்கு இரண்டு நாள் கூலி போகும். நியூக்ளியர் மெடிசின் துறை எல்லா மாவட்டத்திலும் இல்லை. உண்மைதான். அங்கெல்லாம் எதிர்ப்பொருளைப் பாருங்கள், முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், உடனடி ஆபத்து இல்லாதவருக்குப் ப்ரோப்ரனலால் கொடுத்து நான்கு வாரம் கழித்து டி4ஐ மறுபடி பாருங்கள். அழற்சியானால் பெரும்பாலும் அது இறங்கத் தொடங்கியிருக்கும். சோதனை கிடைக்காதது ஒரு சிரமம். அந்தச் சிரமத்தைத் 'தேவையில்லை' என்ற கொள்கையாக மாற்றியதைத்தான் எதிர்க்கிறேன். டிராம்பேயின் அணு உலையிலிருந்து அயோடின்-131 வருகிறது, எண்ணும் ப்ரோப் விலை உயர்ந்த இயந்திரமும் அல்ல. கேட்பவர்கள் இல்லாததால்தான் பல இடங்களில் அது துணி போர்த்தி மூலையில் நிற்கிறது.

அப்டேக்குக்கும் எல்லை உண்டு. அதை மறைத்தால் நானும் எதிர்த்தரப்பு செய்த தவறையே செய்தவனாவேன். ஹார்மோன் குறைவுக்கு இந்தச் சோதனை வேண்டாம், அங்கே டி.எஸ்.எச். போதும். ஒற்றை முடிச்சு நோயில் எண் இயல்பாகவே வரலாம்; கூடவே ஸ்கேன் படமும் எடுக்க வேண்டும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவரின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அவரிடம் அப்டேக் குறைவாக வந்தால் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்கு அயோடின்-131 கூடாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் அழற்சி சாதாரணம் என்பதால் அவர்களே நம்மிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களுக்கு எதிர்ப்பொருள், அது தெளிவாக்காவிட்டால் டெக்னீசியம், அதுவும் பாலைப் பிழிந்து கொட்டச் சொல்லிவிட்டு.

மருத்துவ நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். கண்ணிலும் கழுத்திலும் கிரேவ்ஸ் வெளிப்படையாகத் தெரியாத நோயாளிக்குக் கார்பிமசோல் எழுதும் முன், அப்டேக்கோ எதிர்ப்பொருளோ, ஒன்றையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் சுரப்பியின் சொல்லைக் கேளுங்கள்.

வாசகருக்கு: உங்கள் சீட்டில் டி.எஸ்.எச். குறைந்து டி4 கூடியிருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். "டாக்டர், என் சுரப்பி ஹார்மோனைப் புதிதாகத் தயாரிக்கிறதா, இருந்ததைக் கொட்டுகிறதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" முடிக்கான மாத்திரை, சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். அண்மையில் சி.டி. எடுத்திருந்தால் அதையும், கர்ப்பம் இருக்கலாம் என்றால் அதை முதலிலும் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கார்பிமசோலை நிறுத்திவிடாதீர்கள். அதைச் சாப்பிடும் நாட்களில் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே போய் வெள்ளணுக்களை எண்ணிப் பாருங்கள்.